மட்டக்களப்பிலிருந்து வெளிநாடு: விமானத் தூரமும் நேரமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டிக்கட் போடும் மேசையில் இருப்பவனிடம் ஊரே வந்து கேட்கும் கேள்விகள் இவை. வெளிக்கிடுகிறவர் ஒருதரம் கேட்பார், மனைவி போனில் கேட்பா, கூட்டிப்போக வான் பேசும் மச்சான் இன்னொரு தரம் கேட்பார். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தூரங்கள் எல்லாம் விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்கோட்டுத் தூரம், அதையும் கொஞ்சம் முழுமைப்படுத்தித்தான் சொல்கிறேன்.

கொழும்பில இருந்து கட்டாருக்கு எத்தனை மணித்தியாலம் தம்பி?

ஏறக்குறைய ஐந்து. தூரம் 3,600 கி.மீ. டுபாய் அதைவிடக் கிட்ட, 3,300 கி.மீ, நாலரை மணித்தியாலம் சொல்லலாம். ரியாத் 4,050, குவைத் 4,150, ஜித்தா 4,650. சவூதி என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறோம், ஆனால் ஜித்தா அந்த நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது, ரியாத்தைவிட இன்னும் 600 கி.மீ போக வேண்டும். அதனால்தான் ஆறு மணித்தியாலம் ஆகிறது.

கொழும்பு என்று சொன்னாலும் பிளேன் ஏறுவது கட்டுநாயக்கவில், நீர்கொழும்புக்குப் பக்கத்தில். நம் பக்கத்தில் இருந்து குருநாகல் வழியாகப் போகிறவர்கள் கொழும்பு நகரத்துக்குள் கால் வைக்கத் தேவையே இல்லை. இதைத் தெரியாமல் முதல் நாள் கொழும்புக்குப் போய் லொட்ஜில் தங்கி, அடுத்த நாள் வந்த பக்கமே திரும்பி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எந்த ஊரெண்டாலும் நாமளே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு சுகமான வழி இருக்கா?

இருக்கு. கிலோமீற்றரை 800 ஆல் பிரியுங்கள், வருவதோடு அரை மணித்தியாலம் கூட்டுங்கள். தோஹா: 3,600 ஐ 800 ஆல் பிரித்தால் நாலரை, அரையைக் கூட்டினால் ஐந்து. லண்டன் 8,700 கி.மீ, பிரித்தால் பதினொன்றுக்குக் கிட்ட, அரை கூட்டினால் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைய. டிக்கட்டில் இருப்பதும் அதற்குக் கிட்டத்தான் இருக்கும்.

பெரிய ஜெட் விமானம் மேலே போன பிறகு மணிக்கு 850, 900 கி.மீ வேகத்தில் பறக்கும், பிறகு ஏன் 800 என்று கேட்பீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை, பாதையும் முழுக்க நேர்கோடு இல்லை. அரை மணித்தியாலம் எதற்கென்றால், டிக்கட்டில் போட்டிருக்கும் நேரம் பிளேன் கதவடைத்து நகரத் தொடங்கும் நேரம், வானில் ஏறும் நேரம் இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு திரும்ப ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஒன்று மட்டும் கவனம், காற்றாடி வைத்த சின்ன விமானங்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அது கடைசிக் கேள்வியில் வரும்.

போன்ல ஒரு தூரம் காட்டுது, பிளேனுக்குள்ள டிவியில வேற ஒண்டு, மகன் வேற ஒண்டு சொல்றான். எது சரி?

எல்லாம் சரியாக இருக்கலாம், அலகுதான் வேறு. லண்டனையே எடுங்கள்: 8,700 கிலோமீற்றர் என்பது 5,400 மைல், விமானிகள் பாவிக்கும் கடல் மைலில் 4,700. ஒரு மைல் 1.609 கி.மீ, ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மகன் இங்கிலாந்தில் இருந்தால் சாதாரண மைலில்தான் சொல்லுவான். இலக்கத்துக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் சண்டை முடிந்தது.

நம்மட மட்டக்களப்பிலயும் எயார்போர்ட் இருக்குதானே, அங்கயிருந்து ஏன் நேரா போகேலாது?

திமிலைதீவில் இருக்கிறது, உண்மைதான். 1958 இல் தொடங்கியது, நீண்ட காலம் விமானப்படையிடம் இருந்து 2018 இல் திரும்பப் பொதுமக்கள் பறப்புக்குத் திறந்தார்கள். பெயர்ப்பலகையில் சர்வதேசம் என்று இருந்தாலும் ஓடுபாதை குட்டை. வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போகும் பெரிய பிளேன் எரிபொருளும் ஆட்களும் லக்கேஜுமாக அங்கிருந்து கிளம்ப இடம் போதாது. பன்னிரண்டு பேர் அளவு ஏறும் செஸ்னா மாதிரிச் சின்ன விமானங்களுக்குச் சரி. அப்படி ஒன்றில் கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் 205 கி.மீதான், முக்கால் மணித்தியாலத்தில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், காசு இருந்தால். அம்பாறைக்காரர்கள் உகனையில் இருக்கும் ஓடுபாதையைக் காட்டிக் கேட்பார்கள், அதற்கும் இதே பதில்.

இன்னொரு விஷயம், இதை யாரும் யோசிப்பதில்லை. நாம் இருப்பது கிழக்குக் கரையில், வளைகுடா இருப்பது மேற்கே. மட்டக்களப்பில் இருந்து நேராகப் பறந்தாலும் தோஹாவுக்கு வானத்தில் 125 கி.மீ கூடத்தான் வரும். சிங்கப்பூருக்கு என்றால் மாறி, கட்டுநாயக்கவில் இருந்து போவதைவிட 180 கி.மீ மிச்சம்.

அப்ப வீட்டில இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடணும்?

பிளேன் எத்தனை மணித்தியாலம் என்று நூறு தரம் கேட்பவர்கள் இதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். நமக்கு நேரம் போவதே இங்குதான். பின்னால் இருந்து எண்ணுங்கள். பிளேன் விடிய 4.10 என்று வையுங்கள். மூன்று மணித்தியாலம் முந்தி, அதாவது 1.10க்கு வாசலில் நிற்க வேண்டும். பல கம்பனிகள் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடும், அதற்குப் பிறகு அழுதாலும் நடக்காது. மட்டக்களப்பு டவுனில் இருந்து வானில் ஆறு முதல் ஏழு மணித்தியாலம், ஏழையே எடுங்கள். வழியில் சாப்பாடு, தேத்தண்ணி, மூத்திரம் என்று ஒரு மணித்தியாலம். ஆக முதல் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுப் படலை தாண்ட வேண்டும். பறப்பது ஐந்து மணித்தியாலம், பறக்குமுன் போவது பதினொன்று.

பாதை வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். இருட்டிய பிறகு புனானையில் இருந்து ஹபரணை வரை யானை றோட்டில் நிற்கும், அனுபவமுள்ள டிரைவர் லைட்டைப் பார்த்து மெதுவாகத்தான் விடுவார், அவரைப் பின்சீட்டில் இருந்து கெதியாப் போ கெதியாப் போ என்று நெருக்க வேண்டாம். ரயிலும் அதே காட்டைத்தான் கடக்கிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், ரயிலும் தடம் புரண்டது. ரயிலில் போகிறவர்கள் அன்றைய பிளேனுக்கு அன்றைய ரயிலை நம்பாமல் ஒரு நாள் முந்திப் போய்விடுவது நல்லது. மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் றோட்டே மூடிவிடும், டிசம்பர் பயணக்காரர்கள் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வான் பேசுங்கள்.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்கள் இதற்கு மேல் இன்னும் ஒன்று, ரெண்டு மணித்தியாலம் போட வேண்டும். அம்பாறையால் ஏறி மஹியங்கனை, கண்டி வழியாகவும் போகலாம், யானைத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஆனால் அந்தப் பதினெட்டு வளைவில் பிள்ளைகள் சத்தி எடுக்காமல் இறங்கியதைக் கேள்விப்பட்டதில்லை.

டிக்கட்டில 15ஆம் திகதி 00.35 எண்டு கிடக்கு. 15ஆம் திகதி ராவைக்கு எயார்போர்ட் போனா சரிதானே?

சரியில்லை! பிளேன் அதற்கு முதல் ராவே போயிருக்கும். 00.35 என்றால் நள்ளிரவு தாண்டி முப்பத்தைந்து நிமிடம், 14ஆம் திகதி இரவு படுத்து எழும்பாமல் விழித்திருந்தால் வரும் நேரம். மேலே சொன்ன கணக்கின்படி நீங்கள் 14ஆம் திகதி மத்தியானச் சாப்பாட்டோடு மட்டக்களப்பை விட்டிருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் டிக்கட் காசு முழுவதையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். நான் டிக்கட் கொடுக்கும்போது 00 என்று தொடங்கும் நேரம் இருந்தால், எந்தத் திகதி, என்ன கிழமை, எத்தனை மணிக்கு வான் ஏற வேண்டும் என்று பேனையால் பெரிதாக எழுதித்தான் கொடுப்பது.

கூட்டிவரப் போகிறவர்களுக்கும் இதே பொறி உண்டு. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால் ஏறிய திகதிக்கு அடுத்த நாள் இறங்குகிறார் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் ஒரு நாள் முந்திப் போய் மாலையோடு நின்ற குடும்பங்கள் எத்தனையோ.

போகக்குள்ள ரெண்டரை மணித்தியாலம் காட்டுது, வரக்குள்ள ஏழு காட்டுது. வாறதுக்கு வேற றோட்டா?

அதே றோட்டுத்தான். டிக்கட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். கட்டார் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. காலை 10 மணிக்கு ஏறி ஐந்து மணித்தியாலம் பறந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 3, அங்கே 12.30. திரும்பி வரும்போது இரவு 8 மணிக்குத் தோஹாவில் ஏறினால் அப்போதே ஊரில் 10.30, பறக்கும் நாலே முக்காலைக் கூட்டினால் அடுத்த நாள் விடிய 3.15க்கு இறங்குவீர்கள்.

டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. இலங்கை நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை முன்னால், 2006 ஏப்ரலில் இருந்து அப்படித்தான். லண்டனும் சுவிஸும் கனடாவும் வருடத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவார்கள். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. டொரன்டோ பத்தரை, ஒன்பதரை. ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறார்கள், கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த வாரங்களில் பயணம் என்றால் டிக்கட்டை இன்னொரு தரம் பாருங்கள்.

நேர வித்தியாசத்தைக் கழிச்சுப் பார்த்தாலும் வரக்குள்ள கொஞ்சம் கெதியா வருதே, ஏன்?

காற்று. பிளேன் பறக்கும் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஒரு பெரிய காற்று வட இந்தியா, வளைகுடா, ஐரோப்பாப் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், குளிர்காலத்தில் பலமாக. ஊருக்கு வரும் பிளேனை அது பின்னால் நின்று தள்ளும், போகும் பிளேனை முகத்தில் அடிக்கும். லண்டன் மாதிரி நீண்ட பயணத்தில் இந்த வித்தியாசம் அரை மணித்தியாலம், சிலவேளை அதற்கு மேலும் போகும்.

ஆனால் நம்முடைய பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேல் பருவக் காலத்தில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலே வெகு உயரத்தில் காற்று எதிர்ப்பக்கமாக, கிழக்கில் இருந்து மேற்காக வீசும். இந்திய வானிலையாளர் கோட்டீஸ்வரம் 1950களில் கண்டு எழுதிய காற்று இது. அந்த மாதங்களில் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு முதல் பாதி வழியில் தள்ளு கிடைக்கும். ஆகவே போகும்போது எப்போதும் சுணங்கும் என்று பந்தயம் கட்ட வேண்டாம்.

கனடாவுக்கு நேர பிளேன் இல்ல எண்டுறீங்க. டுபாயால சுத்திப் போறது நட்டம் தானே?

தூரத்தில் நட்டம் இல்லை, நம்பமாட்டீர்கள். கட்டுநாயக்கவில் இருந்து டொரன்டோ நேர்கோட்டில் 14,000 கி.மீ. டுபாயில் இறங்கி மாறினால் 3,300உம் 11,080உம், மொத்தம் 14,380. அவ்வளவு தூரத்தில் 400 கி.மீ கூட இல்லை, மேலே சொன்ன 800 கணக்கில் அரை மணித்தியாலம். லண்டனால் போனாலும் 14,400தான். லண்டனுக்கே தோஹாவால் போகிறவருக்கு நேர பிளேனைவிட 120 கி.மீதான் கூட. வளைகுடாக் கம்பனிகள் இவ்வளவு பெருகியதே இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதால்தான், நம் ஊருக்கும் மேற்கு நாடுகளுக்கும் நடுவழியில்.

நட்டம் வருவது நிலத்தில். நாலரை மணித்தியாலம் பறந்து, ட்ரான்சிட்டில் காத்திருந்து, பிறகு பதினாலு மணித்தியாலம். காத்திருப்பு மூன்று மணித்தியாலம் என்றால் மொத்தம் இருபத்தொன்றரை, எட்டு என்றால் இருபத்தாறரை. மலிவு டிக்கட் என்று வருவதில் பெரும்பாலும் இந்த நடு இலக்கம்தான் பெரிதாக இருக்கும், தனியாகப் போகும் வயதான அம்மாமாருக்கு அதை எடுக்க வேண்டாம். இரண்டு கம்பனியில் தனித்தனியாக டிக்கட் போட்டு மிச்சம் பிடிக்கும் யோசனையும் வேண்டாம், முதல் பிளேன் சுணங்கினால் இரண்டாவது கம்பனி பொறுப்பெடுக்காது.

நேராகப் பறக்கவே முடியாது என்றில்லை. சிங்கப்பூரில் இருந்து நியூயோர்க்குக்கு 15,300 கி.மீ நேராகப் போகும் விமானம் ஓடுகிறது. அதற்கென்றே செய்த ஏர்பஸ் விமானமும் தினமும் சீட் நிரம்பும் கூட்டமும் இருப்பதால் அது நடக்கிறது.

மேப்பில பார்த்தா கனடா மேற்க, ஆனா பிளேன் வடக்க வளைஞ்சு போகுதே?

சுவரில் தொங்கும் படம் உலகத்தைத் தட்டையாக்கியது, அதில் வளைவாகத் தெரிவதுதான் உண்மையில் நேர்வழி. வீட்டில் பிள்ளைகளின் பந்தில் இரண்டு புள்ளி போட்டு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாக மேல்பக்கம் ஏறும். கட்டுநாயக்க–டொரன்டோ குறுக்குவழியை அப்படி இழுத்தால் இந்தியா, பாகிஸ்தான், நடு ஆசியா, ரஷ்யா, நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் உள்ள கடல், கிரீன்லாந்து என்று போய்க் கனடாவில் இறங்கும். உச்சியில் 72 பாகை வடக்கு, பனிக்கடல் பக்கம். மேற்கே போகிறோம் என்று நினைத்து ஏறினாலும் நேர்வழி தொடங்குவது கிட்டத்தட்ட வடக்கு நோக்கித்தான்.

சண்டை நடந்தா பிளேன் சுத்தித்தான் போகுமா?

போகும், நேரமும் கூடும். ரஷ்ய வான்பரப்பு 2022 இல் இருந்து பல மேற்கு நாட்டுக் கம்பனிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 23 இரவு கட்டார் தன் வான்பரப்பைக் கொஞ்ச நேரம் மூடியது, அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பிளேன்கள் வேறு நாடுகளில் போய் இறங்கின, ட்ரான்சிட் எல்லாம் குழம்பியது. அப்படியான நாட்களில் தூரக் கணக்கு ஒன்றும் உதவாது. டிக்கட் போடும்போது பயணியின் சரியான போன் இலக்கத்தைக் கொடுங்கள், கம்பனியின் செய்தி அதற்குத்தான் வரும்.

நோன்போட ஏறினா எத்தனை மணிக்கு நோன்பு திறக்கிறது மகன்?

காத்தான்குடி உம்மா ஒருவர் கேட்டது, இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. மேற்கே பறக்கும்போது நீங்களும் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள், அதனால் பகல் நீளும். தோஹாவுக்குப் போகையில் விமானத்தில் ஒரு மணித்தியாலம் போனால் சூரியன் ஊரில் நாற்பது நிமிடத்தில் இறங்கும் அளவுகூட இறங்காது. மார்ச் மாதம் பிற்பகல் 3 மணிக்கு ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். ஊரில் ஆறேகால் வாக்கில் நோன்பு திறந்துவிடுவார்கள். உங்கள் கையில் உள்ள கடிகாரம் இரவு எட்டுக் காட்டும்போது நீங்கள் தோஹாவில் இறங்குவீர்கள், அங்கே அப்போது மாலை 5.30, வெயில் இன்னும் இருக்கும். அவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கும்போது தரையில் மறைந்த சூரியனும் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும்.

ஆகவே ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திறக்க முடியாது, இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் சூரியனைத்தான் பார்க்க வேண்டும் என்று பொதுவாக மௌலவிமார் சொல்வார்கள். பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கும் சலுகையும் உண்டு, எது உங்களுக்குப் பொருந்தும் என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். வரும்போது எதிர்ப்பக்கம், பகல் சுருங்கும், நோன்பு கெதியாக முடியும். உம்ராவுக்கு ஜித்தா போகிறவர்கள், இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லையைப் பிளேன் தாண்டுவது இறங்குவதற்குக் கொஞ்சம் முந்தியே என்பதால், இஹ்ராம் உடுப்பைக் கையில் வைத்திருங்கள். பெட்டியில் போட்டுக் கீழே அனுப்பினால் எடுக்க முடியாது.

சென்னைக்குப் போறதுக்கு யாழ்ப்பாணத்தால போனா கெதியாப் போகலாமா?

படத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். யாழ்ப்பாணம் பலாலியில் இருந்து சென்னை 355 கி.மீ, கட்டுநாயக்கவில் இருந்து 650. ஆனால் பலாலியில் இருந்து போவது ஏடிஆர் என்ற காற்றாடி விமானம், மணிக்கு 500 கி.மீ அளவுதான். 800 கணக்கு இதற்குப் பொருந்தாது என்று சொன்னேனே, அது இதுதான். பாதித் தூரத்தை அது பறந்து முடிக்கையில் கட்டுநாயக்க ஜெட் முழுத் தூரத்தையும் முடித்திருக்கும், இரண்டுமே ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்துக்குள்தான்.

மிச்சம் றோட்டில் தீர்மானமாகும். மட்டக்களப்பில் இருந்து யாழ்ப்பாணம் போக ஹபரணைக்கு ஏறி வவுனியாவால் போக வேண்டும், அல்லது திருகோணமலையால். எப்படிப் போனாலும் கட்டுநாயக்கவைவிடத் தூரம். சின்ன விமானத்தில் லக்கேஜ் நிறையையும் கவனமாகப் பார்க்க வேண்டும், சென்னைக்குச் சாரி எடுக்கப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாள் நிற்கும் எண்ணம் இருந்தால் பலாலி, இல்லையென்றால் கட்டுநாயக்க.